தலைக்கு மேல் தொங்கும் அமானத்
கடைப் பெயர்ப் பலகையைப் பத்திரமாக மாட்டுவது எப்படி?

 

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு பலத்த காற்று வீசியது நினைவிருக்கும். அந்தக் காற்றில் நம் கடைத்தெருவில் ஒரு கடையின் போர்டு கழன்று விழுந்தது. மக்தப் முடிந்து பிள்ளைகள் அந்த வழியாகப் போய்க் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை. நிறுத்தி வைத்திருந்த ஒரு மோட்டார் சைக்கிள் நசுங்கியதோடு போயிற்று.

மறுநாள் காலையில் நாங்கள் சிலர் போய்ப் பார்த்தோம். போர்டில் எழுத்தும் விளக்கும் அப்படியே இருந்தன. சுவரைப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. போர்டைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்கள் எல்லாம் மேல் பூச்சில் மட்டும் இறங்கியிருந்தன. ஒன்றுகூடச் செங்கல்லைத் தொடவில்லை. கடைக்காரர் நல்ல மனிதர், நிறுவையில் ஒரு கிராம் குறைக்காதவர். அவர் சொன்னார்: "எழுத்தின் நிறத்தை மூன்று தடவை மாற்றச் சொன்னேன். பின்னால் என்ன வைத்து மாட்டினார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே."

நம்மில் பலருடைய நிலையும் இதுதான். போர்டின் முன்பக்கத்தை ஊரே பார்க்கிறது. அதன் பின்பக்கத்தை, அதைச் சொல்லி மாட்ட வைத்த நாம்தான் பார்க்க வேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்பதே இந்த மாதப் பாடம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருப்பதை நம் பிள்ளைகளும் அறிவார்கள். தரையில் கிடக்கும் முள்ளுக்கே இந்தச் சட்டம் என்றால், தலைக்கு மேல் நாமே தொங்கவிட்ட இரும்புக்கு என்ன சட்டம் என்று யோசிக்க வேண்டும்.

நம் முன்னோர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், பொதுப் பாதையை நோக்கி ஒருவர் தம் கட்டடத்திலிருந்து நீட்டும் அமைப்பைப் பற்றிப் பேசப்படுகிறது. அது நடந்து போகிறவர்களுக்கு இடையூறாக இருக்கக் கூடாது. ஒருவர் குனியாமல் நிமிர்ந்து போகும் உயரத்தில் இருக்க வேண்டும். வணிகக் கூட்டங்கள் போகும் பாதையானால், ஒட்டகமும் அதன் மேலுள்ள கூடாரமும் இடிக்காத உயரம் வேண்டும். இப்படி அளவு சொல்லியிருக்கிறார்கள். ஒட்டகத்தின் இடத்தில் இன்று சரக்கு லாரியை வைத்துப் பாருங்கள், சட்டம் அப்படியே பொருந்தும்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. அப்படிப் பாதையை நோக்கி நீட்டியது விழுந்து ஒருவருக்குச் சேதம் உண்டானால், நீட்டியவரே அதற்குப் பொறுப்பு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். நீட்டுவதற்கு அவருக்கு அனுமதி இருந்தாலும் பொறுப்பு நீங்காது. தனித்தனி நிகழ்வுகளுக்கான விளக்கத்தை ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். ஆனால், "மாட்டியவன் சரியாக மாட்டவில்லை, நான் என்ன செய்வேன்?" என்று கையை விரித்துவிட முடியாது என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்க வேண்டும்.

நடந்தவை

2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், சாலையின் நடுத்தடுப்பில் கட்டியிருந்த பேனர் இருசக்கர வாகனத்தில் வேலை முடிந்து திரும்பிக் கொண்டிருந்த 23 வயதுப் பெண்ணின் மேல் விழுந்தது. நிலை தடுமாறி விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்தப் பேனர் ஒரு கல்யாணத்துக்காக வைக்கப்பட்டது.

2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை பொருத்திக் கொண்டிருந்தபோது காற்றில் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள்.

2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் புழுதிக் காற்று அடித்தபோது, 120 அடிக்கு 120 அடி கொண்ட விளம்பரப் பலகை ஒரு பெட்ரோல் பங்க்கின் மேல் சாய்ந்தது. மழைக்கு ஒதுங்கியவர்களும் பெட்ரோல் போட வந்தவர்களுமாக 17 பேர் இறந்தார்கள். அந்த நகரில் அனுமதிக்கப்பட்ட அளவு 40 அடிக்கு 40 அடிதான்.

மூன்றிலும் இறந்தவர்களில் ஒருவர்கூட அந்தப் பலகையால் லாபம் அடைந்தவர் இல்லை. வழியில் போனவர், கூலிக்கு வந்தவர், மழைக்கு ஒதுங்கியவர்.

காற்றின் கணக்கு

"நம் போர்டு சின்னதுதானே, முப்பது நாற்பது கிலோதானே" என்று நினைக்கிறோம். போர்டைப் பிடுங்குவது பெரும்பாலும் அதன் எடை இல்லை, காற்றுத்தான்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 10 அடி நீளம், 4 அடி உயரமுள்ள போர்டை எடுத்துக் கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதினால் அதன் மேல் விழும் தள்ளல் ஏறத்தாழ 140 கிலோ. ஏறக்குறைய மூன்று மூட்டை சிமெண்ட். வேகம் 180 ஆனால் அது 560 கிலோ, அதாவது பதினோரு மூட்டைக்கு மேல். இந்திய தரக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டடங்களுக்கு வகுத்த காற்றுக் கணக்கில் சென்னைக்கு அடிப்படை வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அதுதான் இந்த மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயலையும், 2018 நவம்பரில் கஜா புயலையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுவரோடு ஒட்டிய போர்டைவிட, சாலையை நோக்கிக் குறுக்கே நீட்டிய இருபக்கப் போர்டும், மொட்டை மாடியில் நிறுத்திய போர்டும் காற்றை அதிகம் வாங்கும். எனவே முதல் பாடம், தேவைக்கு மேல் பெரிய போர்டு வைக்காதீர்கள். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம் எழுத்து உயரம் என்பது தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. எதிர்ப்பக்கம் 60 அடி தூரத்திலிருந்து படிக்க ஆறு அங்குல எழுத்துப் போதும். தமிழில் மேலும் கீழும் கொம்பு, சுழி வருவதால் சற்றுக் கூட்டிக் கொள்ளலாம். ஒரு போர்டில் கடைப் பெயரும் என்ன கடை என்பதும் தெளிவாக இருந்தாலே போதும். இருபது பொருளின் பெயரையும் எழுதினால் எதுவும் படிக்கப்படாது.

எதில் மாட்டுவது?

சுவரின் மேல் பூச்சு அரை அங்குலம், முக்கால் அங்குலம்தான். அதற்குப் பலமில்லை. போல்ட் பூச்சைத் தாண்டிக் கான்கிரீட்டிலோ கெட்டியான செங்கல்லிலோ இறங்க வேண்டும். கடை முகப்பில் பெரும்பாலும் ஷட்டருக்கு மேலே கான்கிரீட் பீம் அல்லது லிண்டல் இருக்கும். அதில் ஆங்கர் போல்ட் போடுவதே நல்லது. பிளாஸ்டிக் கட்டையும் மர ஸ்க்ரூவும் கடிகாரம் மாட்டச் சரி, கடை போர்டுக்கு ஆகாது. உள்ளே கூடான ஹாலோ பிளாக் சுவரானால் சாதாரண ஆங்கர் பிடிக்காது. அதற்கென்று உள்ள பிடிமானத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

மாட்டக் கூடாத இடங்களும் உண்டு. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் காற்றின் இழுவையைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டதல்ல. சன்ஷேடின் விளிம்பில் துளை போட்டால் கான்கிரீட் பெயர்ந்துவிடும். விரிசல் விட்ட பழைய சுவரில் எந்த போல்ட்டும் நிற்காது. மாடிக் குடித்தனத்தின் ஜன்னலையும், படிக்கட்டையும், வெளியேறும் வழியையும் மறைக்கக் கூடாது. கடைக்கு மேலே வீடு இருக்கும் நம் தெருக்களில் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தீப்பிடித்தால் அந்த ஜன்னல்தான் ஒரு குடும்பத்துக்கு மூச்சு.

இரும்பும் ஷீட்டும்

சாதாரண இரும்புப் பைப்பைவிட ஜி.ஐ. பைப் துருவைத் தாங்கும். ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், துரு அங்கேதான் தொடங்கும். ஒவ்வொரு வெல்டிங்கையும் சுரண்டிச் சுத்தம் செய்து, ஜிங்க் பிரைமர் அடித்து, பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். பைப்பின் திறந்த முனைகளை மூட வேண்டும். இல்லையென்றால் மழைநீர் உள்ளே தேங்கி, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரித்துவிடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இருப்பதால் போல்ட், நட்டு எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் போடுவது நல்லது.

இப்போது எல்லோரும் ஏ.சி.பி. ஷீட் போடுகிறோம். இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்த பலகை அது. அதில் சாதாரண வகையின் நடுப்பகுதி எரியக்கூடியது. 2017-ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில் லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். ஒரு வீட்டின் குளிர்சாதனப் பெட்டியில் பற்றிய தீ, வெளிச்சுவரில் போர்த்தியிருந்த இந்த வகைப் பலகை வழியாகவே மாடிக்கு மாடி ஏறியது. அதனால் முகப்பு முழுவதும் ஏ.சி.பி. போடுவோர், தீயைத் தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். போர்டு மட்டும் போடுவோர் விளக்கின் வயரும் பவர் சப்ளையும் ஷீட்டை ஒட்டி இல்லாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

மின்சாரம்

மழையில் நனைந்த போர்டில் மின்கசிவு இருந்தால், ஷட்டரைத் தூக்கத் தொடும் கையில்தான் அது தெரியும். எனவே இந்த ஐந்தையும் விட்டுக் கொடுக்காதீர்கள்.

1. போர்டுக்குத் தனி எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். ஆர்.சி.சி.பி. கசிவை உணர்ந்து கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் மாற்றுங்கள்.

2. போர்டின் இரும்புச் சட்டத்துக்கு முறையான எர்த் கொடுக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள மூன்று கம்பி வயர் போட வேண்டும். டேப் சுற்றிய ஒட்டு வெளியில் இருக்கக் கூடாது.

3. எல்.இ.டி. பவர் சப்ளை மழை தாங்கும் வகையாகவோ, நனையாத பெட்டிக்குள்ளோ இருக்க வேண்டும். அதன் சக்தி முழுவதையும் ஏற்றாமல், ஐந்தில் நான்கு பங்கோடு நிறுத்தினால் சூடாகாது.

4. போர்டின் அடிப்பக்கத்தில் நீர் வடிய சிறு துளைகள் வேண்டும். உள்ளே போகும் வயர் ஒரு வளைவாகக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். அப்போது மழைநீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

5. மின்வாரியக் கம்பிக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். வீட்டு இணைப்புக் கம்பியானாலும் 11 கிலோவோல்ட் கம்பியானாலும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி விதியில் உள்ளது. 33 கிலோவோல்ட்டுக்கு 2 மீட்டர். காற்றில் கம்பி ஆடும், ஏணி சாயும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மாட்ட வருபவரும் ஒரு வீட்டுப் பிள்ளை

நம் பகுதியில் இந்த வேலைக்குப் போகும் இளைஞர்கள் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். "நாளைக்குத் திறப்பு விழா, இன்றிரவே மாட்டி முடி" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தையில் அவர் தூக்கக் கலக்கத்தோடு, இருட்டில், ஈர ஏணியில் ஏறுகிறார். திறப்பு விழாவை இரண்டு நாள் தள்ளி வைத்தால் பரக்கத் குறைந்துவிடாது. போன உயிர் திரும்பாது.

உயரத்தில் வேலை செய்கிறவர் உடல் முழுவதும் பிடிக்கும் பாதுகாப்பு பெல்ட்டும் ஹெல்மெட்டும் அணிய வேண்டும். பெல்ட்டின் கயிற்றை மாட்டப் போகும் போர்டிலோ அதன் சட்டத்திலோ கட்டக் கூடாது. கட்டடத்தின் உறுதியான பகுதியில் கட்ட வேண்டும். ஏணி நான்கடி உயரத்துக்கு ஓரடி வெளியே சாய்ந்திருக்க வேண்டும், கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். மின்கம்பி இருக்கும் தெருவில் அலுமினிய ஏணி வேண்டாம். கம்பி அருகே வேலை தவிர்க்க முடியாததானால், மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஏற வேண்டும். கீழே கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி அனுப்ப வேண்டும். காற்றும் மழையும் இருந்தால் வேலையை நிறுத்த வேண்டும். ஜும்ஆ நேரத்திலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் தெருவோரத்தில் போர்டைத் தூக்கக் கூடாது.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்பது நபிமொழி. கூலியைப் பேசும்போதே பெல்ட்டுக்கும் நல்ல போல்ட்டுக்கும் சேர்த்துப் பேசுவதும் அந்த நீதியைச் சேர்ந்ததுதான். மூன்று பேரிடம் விலை கேட்டு, மிகக் குறைந்ததை எடுக்கிறோம். அந்தக் குறைந்த விலையில் எது குறைக்கப்பட்டது என்று கேட்பதில்லை. பெரும்பாலும் குறைக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத பைப்பின் கனமும் போல்ட்டின் எண்ணிக்கையும்தான். எனவே விலைப்பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். பைப்பின் அளவும் கனமும், ஷீட்டின் வகை, போல்ட்டின் அளவும் எண்ணிக்கையும், எல்.இ.டி.க்கும் பவர் சப்ளைக்கும் எத்தனை வருட உத்தரவாதம் என்பவை அதில் இருக்கட்டும். மாட்டி முடித்து மூடுவதற்கு முன், பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார். தன் வேலையை ஒருவர் பார்க்கிறாரே என்று மகிழ்வார்.

அனுமதி

வாடகைக் கடையானால் கட்டட உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். வக்ஃபு கடைகளுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டுக் கடைகள் சட்ட விதிகளின்படி பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும். பிற மொழிகள் அதற்கு அடுத்து வரலாம். சாலையை நோக்கி நீட்டும் பலகை, மாடி மேல் நிறுத்தும் பலகை, விளம்பரப் பலகை ஆகியவற்றுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மாட்டிய பிறகு கழற்றச் சொன்னால் இரண்டு செலவு. பெரிய அமைப்பானால் பொறியாளர் ஒருவரின் சான்று இல்லாமல் நிறுத்த வேண்டாம்.

மாட்டியதோடு முடியவில்லை

வருடத்துக்கு இரண்டு முறை போர்டைப் பாருங்கள். ஆடி மாதக் காற்றுக்கு முன் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை. சுவரில் துருவின் கோடு வழிந்திருக்கிறதா? போல்ட்டைச் சுற்றிப் பூச்சு வெடித்திருக்கிறதா? போர்டு ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா? காற்றில் சத்தம் வருகிறதா? விளக்கு மினுக்குகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆளைக் கூப்பிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் போர்டின் மின்சாரத்தை நிறுத்துங்கள். பேனர், தற்காலிகப் பலகைகளைக் கழற்றி உள்ளே வையுங்கள். கடையைக் காலி செய்யும்போது பழைய போர்டையும் சட்டத்தையும் கழற்றிவிட்டுப் போங்கள். யாருக்கும் சொந்தமில்லாமல் தொங்கும் சட்டம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கடைக்குப் போகும் வழியில் சாய்ந்த போர்டையோ தொங்கும் வயரையோ பார்த்தால், அந்தக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளைகளுக்கும் அப்படிச் சொல்லப் பழக்குங்கள். பாதையிலிருந்து தொல்லையை அகற்றும் நன்மை, நாவால் சொல்கிறவருக்கும் கிடைக்கும் என்று நம்புகிறோம்.

எங்கள் தவறும் எங்கள் உறுதியும்

இதை எழுதும் முன் எங்கள் அறக்கட்டளையின் பலகைகளை நாங்களே பார்வையிட்டோம். எங்கள் இலவச மருத்துவ முகாமின் பேனர் ஒன்று, முகாம் முடிந்து பல வாரங்களாகியும் மின்கம்பத்தில் கட்டியபடியே கிடந்தது. நன்மைக்காக வைத்த பேனர்தான். ஆனால் அது விழுந்தால், நன்மைக்காக வைத்தது என்று பார்த்து விழாது. அதைக் கழற்றினோம். இனி மின்கம்பத்திலோ சாலைத் தடுப்பிலோ எங்கள் பேனர் கட்டப்படாது. முகாம் முடிந்த அன்றே எல்லாம் கழற்றப்படும். தவறினால் எங்களைக் கேளுங்கள்.

பழைய போர்டைச் சரிசெய்யவோ ஆர்.சி.சி.பி. போடவோ கையில் பணமில்லாத சிறு கடைக்காரர்கள் அலுவலகத்துக்கு வந்து சொல்லுங்கள். கர்ளன் ஹஸனாவாக, வட்டியில்லாமல், சிறு தவணைகளில் திருப்பித் தரும்படி உதவுகிறோம். வெட்கப்பட வேண்டாம். உங்கள் போர்டின் கீழே நடக்கப் போவது எங்கள் பிள்ளைகளும்தான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போடு என்பதுதான் நமக்குக் கற்பிக்கப்பட்ட தவக்குல். இந்த வாரம் கடையைத் திறக்கும்போது ஷட்டரைத் தூக்குமுன் ஒரு நிமிடம் எதிர்ப்பக்கம் நின்று மேலே பாருங்கள். அந்தப் பலகை எதில் நிற்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால், முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம் தெருக்களில் நடப்போருக்குப் பாதுகாப்பையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.